அக்கா கையெழுத்து வைக்காத வெள்ளை வைன்

வைன் குவளையை மூக்கருகே பிடித்து, எதிரே நிற்பவரை நேராகப் பார்த்தபடியே அக்கா முகர்வார். அந்தப் பார்வை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. டென்மார்க்கின் ஓகூஸ் துறைமுகத்தருகே, இன்று அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்ட இடத்தில், வைன் இறக்குமதி செய்யும் களஞ்சியம் ஒன்று இருந்தது. அங்கே நான் போத்தல்களின் பின்புறம் டேனிஷ் லேபிள் ஒட்டினேன். அக்கா வந்திறங்கும் சரக்கில் சில போத்தல்களைத் திறந்து பார்த்து, பழுதில்லை என்று படிவத்தில் கையெழுத்து வைப்பார். அவர் எனக்கு உறவில்லை. அங்கிருந்த இன்னொரு தமிழ்ப் பெண் அவர் மட்டுமே என்பதால் அக்கா.

அவர் பெந்தெகொஸ்தே சபைக்காரி. ஒரு துளி வைன் நாக்கில் பட்டதில்லை. முதலில் தரை துடைக்கும் வேலையில்தான் சேர்ந்தார். ஒருநாள் உடைந்த போத்தலைக் கூட்டி அள்ளும்போது, இது கெட்டுப்போன வைன் என்று தானாகவே சொன்னார். பழைய பரிசோதகர் அதே பெட்டியிலிருந்து இன்னொன்றைத் திறந்து பார்த்துவிட்டு, அவருடைய மூக்கைக் கண்டு வியந்துபோனார். அப்படிக் கிடைத்த பரிசோதகர் வேலையை விடச் சொல்லிப் போதகர் வற்புறுத்தினார். "நான் குடிக்கிறேல்லை பாஸ்டர், மணந்துதான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளும் அக்கா பஸ் ஏறினார்.

இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதத்தில் அக்காவின் தம்பி, தன் மனைவி பிள்ளைகளோடு வன்னிக் கடற்கரையில் அகப்பட்டிருந்தார். வாரக்கணக்காக எந்தத் தொடர்பும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த அதே வாரத்தில்தான் வட இத்தாலியத் தோட்டம் ஒன்றிலிருந்து வெள்ளை வைன் வந்திறங்கியது. எரிமலைக் குன்றுகளில் விளையும் திராட்சை. நல்ல போத்தலைத் திறந்தால் உரித்த வாதுமைப்பருப்பும் ஏதோ ஒரு வெள்ளைப் பூவும் மணக்கும். களஞ்சியத்தின் பெருமையே அந்த வைன்தான்.

அக்கா ஆறு போத்தல்களைத் திறந்து மூன்றை ஒதுக்கினார். "தங்கச்சி, நனைஞ்ச மட்டைப்பெட்டி மணம் வருது. தக்கையிலதான் பிழை." மேலும் ஆறு திறந்தார். அதிலும் மூன்று. படிவத்தைக் கவிழ்த்து வைத்தார்.

மேலாளர் வந்து சுவைத்துப் பார்த்தார். அவருக்குப் பழுது எதுவும் தெரியவில்லை. கடைகளுக்கு அனுப்பும் நாள் நெருங்கியிருந்தது. மிக மென்மையாகத்தான் பேசினார். "உங்கள் நாட்டில் நடப்பது எனக்குத் தெரியும். இந்த நிலையில் யாருக்கும் எல்லாமே கெட்டதாகத்தான் மணக்கும். இரண்டு வாரம் வீட்டில் இருங்கள்."

தன் உடைந்த டேனிஷில், களஞ்சியம் முழுக்கக் கேட்கும்படி அக்கா பதில் சொன்னார். "எனக்குத் துக்கம் இருக்கு. மூக்கும் இருக்கு. ரெண்டையும் கலக்காதேங்கோ!"

அக்காவுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கச் சொல்லி, மேலாளர் பேனையை என் பக்கம் நீட்டினார். அக்கா வைக்காததில் நான் வைக்கமாட்டேன் என்றேன்.

உடை மாற்றும் அறையில் எனக்குத்தான் அழுகை வந்தது. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இஞ்ச அழாதை. நான் அழுதா என்ர மூக்கும் பொய் எண்டு சொல்லுவினம்." அதன்பிறகு வேலையிடத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் மறுத்ததால் மேலாளர் தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்தார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். ஆனால், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்த தோட்டத்து உரிமையாளரான பெண் மூன்றாம் நாளே நேரில் வந்து நின்றார். பன்னிரண்டு புதிய போத்தல்களைத் திறந்து வரிசையாக வைத்தார்கள். அக்கா ஐந்தை ஒதுக்கினார். அந்தப் பெண் ஒவ்வொன்றாக முகர்ந்தார். ஐந்தாவதை வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். சரக்கு முழுவதும் திரும்பிப் போனது. மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. "நல்ல மூக்கு" என்று மட்டும் சொன்னார்.

கோடையில் அகதி முகாமிலிருந்து செய்தி வந்தது. தம்பியின் மனைவியும் பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள். தம்பி கடைசி வாரத்து எறிகணையில் போய்விட்டார். மறுநாளும் அக்கா வேலைக்கு வந்தார்.

அறுவடைக்கு வரச்சொல்லி அந்தத் தோட்டத்து உரிமையாளர் அழைத்திருந்தார். அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். கறுத்த மண்ணின் மேல், தலைக்கு மேலே பந்தல் பந்தலாக, ஊரில் நாங்கள் முந்திரிகை என்று சொல்லும் திராட்சைக் கொடிகள். அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"இடம்பெயர முன்னம் தம்பியும் இப்பிடித்தான் பந்தல் போட்டு முந்திரிகை வச்சிருந்தவன்."

சொன்னவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, தம்பியின் பெயரைக் கூப்பிட்டுக் கதறத் தொடங்கினார். பழம் வெட்டியவர்களின் கத்தரிக்கோல்கள் நின்றன. நான் குனிந்து, "அக்கா, ஆக்கள் பாக்கினம்" என்றேன்.

"பாக்கட்டும். என்ர தம்பிக்கு நான் ஏன் மெல்லமா அழவேணும்?"

வேண்டியமட்டும் அழுதார். தோட்டத்து உரிமையாளர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி அதே மண்ணில் அமர்ந்திருந்தார். பிறகு அக்கா எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, குழாயடியில் முகம் கழுவினார். யாரும் அழைக்காமலே வைன் தொட்டிகள் இருந்த கட்டடத்துக்குள் நுழைந்து, புது வைனை நிரப்பச் சொல்லிக் குவளையை நீட்டினார்.

"சொல்லுங்கோ, எதை முதல்ல பாக்க?"