வாய்க்காலுக்குப் போகாத தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கும்பகோணத்துக்கு வெளியே ஒரு பாசன வாய்க்காலின் மேல் குழாய்ப் பாலம் கட்டும் வேலையில் இருந்தேன். ஊர்க் கழிவுநீரை அக்கரைக்குக் கொண்டுபோகும் பெரிய இரும்புக் குழாய் அது. தண்ணீரைத் தொடாமல் தூண்கள் மேல் போக வேண்டும். கட்டுவது மற்றவர்களின் வேலை. கட்டி முடிக்கும்வரை வாய்க்கால் தண்ணீர் கெடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

இப்படி ஒரு வேலையில் இருப்பவளுக்குத் தோழமை கிடைக்காது. கலவை மெஷினை வாய்க்காலில் கழுவக் கூடாது, டீசல் கேனைக் கரையோரம் வைக்கக் கூடாது என்று காலையிலிருந்து மாலைவரை ‘கூடாது’ சொல்லிக்கொண்டே இருப்பவள் நான். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். மதியம் எல்லோரும் புளியமர நிழலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் தகரக் கொட்டகைக்குள் பார்சலைப் பிரிப்பேன். சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். வாடகை அறைக்குத் திரும்பினால் அம்மாவின் போன் ஒன்றுதான் பேச்சுத்துணை. “வேலை எப்படிடி போவுது?” என்பாள். “நல்லா போவுதும்மா” என்பேன். அதற்கு மேல் என்ன சொல்வது?

ஆற்றில் தண்ணீர் திறப்பதற்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போனது. வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகும் நடுத்தூண் பாக்கி. சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, உள்ளே ஊறும் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டேதான் கான்கிரீட் போட வேண்டும். இறைக்கிற தண்ணீரில் சிமெண்ட் கலந்திருக்கும். அது நேராக வாய்க்காலில் விழுந்தால் மீன் செத்து மிதக்கும், குளிப்பவர்களுக்குத் தோல் எரியும். அதனால் கரையில் ஒரு தொட்டி வெட்டி, பிளாஸ்டிக் விரித்து, அதில் விட்டுத் தெளியவைத்திருந்தோம்.

கான்கிரீட் போட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், முந்தின நாள் மழையில் ஊறிப்போயிருந்த அந்தத் தொட்டியின் சுவர் சரிந்தது. வெள்ளைத் தண்ணீர் வாய்க்காலை நோக்கி வழிய ஆரம்பித்தது. ஓடிப்போய் நானே பம்பை நிறுத்தி, வழிந்தது கரையிலேயே நிற்க இரண்டு மணல் மூட்டையைக் குறுக்கே தள்ளினேன்.

சைட் மேனேஜர் கத்தினார். “மேடம், பாதித் தூண் நிக்கிது. பம்ப நிறுத்தினா உள்ள தண்ணி ஏறி எல்லாம் பாழாப் போயிரும். ஓஸ் பைப்பத் தூக்கி வாய்க்கால்ல போடச் சொல்றேன். இன்னைக்கு ஒரு நாள் கண்டுக்காதீங்க.”

“கீழ படித்துறையில ஜனங்க குளிக்கிறாங்க சார். வேற இடம் பாக்குறேன். கொஞ்சம் பொறுங்க.”

“பொறுக்க நேரமில்ல. தூண் போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்.”

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். கரையைவிட்டு ஏறி ஓடினேன். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. அதன் கொல்லையில் செங்கல் அறுக்க மண் எடுத்த பெரிய பள்ளம் இருப்பது ஞாபகம் வந்தது. வாசலில் ஒரு பெண் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அதுவரை நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்லி, பள்ளத்தில் தண்ணீரை விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். “சாக்கடைத் தண்ணியா?” என்று முகத்தைச் சுளித்தார்.

“இல்லக்கா, சிமெண்ட் தண்ணி. உங்க பள்ளத்துல விட்டா வெள்ளையா படியும். காஞ்சதும் வழிச்சு எடுக்கணும். அதுவரைக்கும் அந்த மண்ணு ஒங்களுக்கு ஒதவாது.” மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

“வாய்க்கால்ல விட்டா?”

“மீன் செத்துரும்க்கா.”

முறத்தைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீதானே வெயில்ல கொடைய பிடிச்சிக்கிட்டு எப்பவும் ஒண்டியா நிக்கிற பொண்ணு?”

அத்தனை மாதத்தில் என்னை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

“விட்டுக்க. ஆனா நீயே நின்னு அள்ளிக் குடுத்துட்டுத்தான் போவணும்” என்றவர், நான் கூப்பிடாமலேயே எழுந்து வந்தார். கொட்டகையில் இருந்த ஓஸ்களை ஒன்றோடொன்று மாட்டி, அவர் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகச் சாலைக்குக் குறுக்கே இழுத்தோம். வந்த வேனைக் கையைக் காட்டி நிறுத்தியவரும் அவர்தான். பம்பு மறுபடி ஓடியது. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேலை முடிந்ததும் எல்லோருக்கும் பிரியாணி வந்தது. மரத்தடியில் சிரிப்புச் சத்தம். என்னை யாரும் கூப்பிடவில்லை. மேனேஜர் வண்டியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

நான் கரையோரமாகவே நடந்து படித்துறைக்குப் போனேன். தண்ணீர் எப்போதும்போலப் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. படியோரம் கெண்டைக் குஞ்சுகள் சோற்றுப் பருக்கைக்கு மொய்த்தன. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, “என்னம்மா, வேலை இல்லையா? சும்மா நிக்கிற?” என்றார். நடந்ததை எல்லாம் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. “சும்மாதாங்க” என்றேன்.

படிந்தது காய்ந்ததும் ஆள் வைத்து, நானும் கூட நின்று, பள்ளத்தைச் சுத்தமாக வழித்துக் கொடுத்தோம். அந்த அக்கா குனிந்து மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துத் தலையாட்டினார். அவ்வளவுதான். பிறகு பாலம் முடிந்தது, நானும் இதே வேலைக்கு வேறு ஊர் போய்விட்டேன்.

எப்போதாவது யாரிடமாவது இதைச் சொன்னால், “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை என்கிறேன். அந்த ‘ஒன்றும் ஆகவில்லை’க்காகத்தான் நான் தினமும் தனியாகக் கரையில் நிற்கிறேன் என்பது, கேட்கிறவர்களுக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.