இருவாச்சிக்காகக் கேட்ட ஒரு மணி நேரம்

மூன்றாவது வளைவு வந்ததும் மெலிட்டோன் தான் ஓட்டும் சிற்றுந்தான ஜீப்னியின் இன்ஜினை அணைத்துவிடுவார். வண்டியில் ஆள் பிதுங்கினாலும் சரி, மழை கொட்டினாலும் சரி. கழுத்தை வெளியே நீட்டி, பள்ளத்துக்கு அப்பால் நிற்கும் வெள்ளைப்பட்டை மரத்தைப் பார்ப்பார். இருபது எண்ணும் நேரம். பிறகு சாவியைத் திருப்புவார். பதினோரு வருஷமாக இந்தக் கூத்தைப் பார்த்து வந்தவள் ஓசாங். குலாசித் துறையிலிருந்து மலையூர்களுக்கு மீன் கொண்டுபோகிறவள். அவருக்கு நேர் பின் இருக்கை அவளுடையது.

“நோங், மரம் எங்கயும் ஓடிடாது. என் மீனுதான் நாறிப்போகும்,” என்பாள்.

“நேத்துப் பிடிச்ச மீனை இன்னிக்கு விக்கிறவ, இருபது எண்ணுறதுக்கா பயப்படுற, இண்டாய்?” என்பார் அவர். அவர்கள் பேச்சில் ‘நோங்’ என்றால் அண்ணன், ‘இண்டாய்’ என்றால் தங்கை.

வீட்டிலும் இதே பறவைப் பித்துதான். துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியபோது, ஒரு மாதம் மனைவி செரிங் கொடியைத் தொடக்கூடாது என்றுவிட்டார். துவைத்த பாவாடைகள் ஜீப்னியின் கூரைக் கம்பியில் காய்ந்தபடி ஊர் ஊராகப் போய்வந்தன. ஆறாம் வகுப்போடு நின்ற மனிதர். ஆனால் எந்தக் குருவி என்றைக்கு முட்டையிட்டது என்று நாள் பிசகாமல் சொல்வார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒருவர் என்னதான் செய்வார் என்று ஓசாங் யோசித்ததுண்டு.

ஒரு மே மாதம் அவர்கள் குடியிருந்த தெருவே சேர்ந்து ஆற்றங்கரைக்குக் கிளம்பியது. இடம் சொன்னவர் மெலிட்டோன்: அந்த வெள்ளைப்பட்டை மரத்துக்கு நேர் கீழே. நாற்பது பேர், அண்டா நிறையச் சோறு, வாழையிலையில் கட்டிய மீன், கூடவே வாடகைக்கு எடுத்த, மைக் பிடித்துப் பாடும் வீடியோகே பெட்டி. அது ஓடியது அவருடைய ஜீப்னி பேட்டரியில்தான். வீடியோகே இல்லாமல் இந்தத் தெரு எங்கேயும் போகாது என்பதை அவர் எப்படி மறந்தாரோ.

எட்டு மணிக்குத் தொடங்கிய பாட்டு பத்தரை ஆகியும் ஓயவில்லை. மைக் ஓசாங்கின் கையை விட்டு இறங்கவில்லை. மெலிட்டோன் வெளிறிப்போன முகத்தோடு வந்து நின்றார்.

“மைக்கைக் கொஞ்சம் கீழ வை, இண்டாய்.”

“ஏன், என் தொண்டை அவ்ளோ மோசமா?”

“அந்தப் பொந்து தெரியுதா? உள்ள பொட்டை இருவாச்சி, ரெண்டு குஞ்சோட. வாசலைப் பூசி அடைச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. ஒரு விரல் இடைவெளிதான். ஆண் கொண்டாந்து ஊட்டுனாதான் சாப்பாடு. முந்தாநாள்லேர்ந்து அவனைக் காணோம். செத்துட்டானா, இருக்கானான்னு நாள் பூரா உக்காந்து பாக்கலாம்னுதான் இந்த இடத்தைச் சொன்னேன். இந்தச் சத்தத்துல அவன் உசுரோட இருந்தாலும் கிட்ட வரமாட்டான்.”

“அப்ப நீ எங்களை ஆத்துக்குக் கூட்டிவரல. உன் பறவைக்குக் காவலுக்குக் கூட்டிவந்திருக்க.”

“ஆமா. தப்புதான். ஒரு மணி நேரம் கொடு.”

ஓசாங் யோசித்தாள். “கொடுத்தா, நீ ஒரு பாட்டுப் பாடணும். முழுசா.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைக்கிற ஆள் அவர்.

“பாடுறேன்,” என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

பெட்டியை அணைத்தார்கள். தண்ணீர் ஓடும் சத்தம் அப்போதுதான் கேட்டது. சோற்றுருண்டையைக் கையில் வைத்தபடி நாற்பது பேர் அண்ணாந்து பார்த்தார்கள். கால் மணி போனது. அரை மணி போனது. மெலிட்டோன் உட்காரவில்லை; சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். ஐம்பது நிமிஷம் ஆனபோது செரிங் அவர் தோளில் கை வைத்தாள்.

அப்போது இறக்கைச் சத்தம் வந்தது, யாரோ பாயை உதறுவது போல.

வெளுத்த தலை, மேடிட்ட அலகு. மரத்தைப் பற்றிக்கொண்டு அது தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழத்தை எடுத்தது. இடைவெளிக்குள்ளிருந்து ஓர் அலகு நுனி நீண்டு வாங்கிக்கொண்டது. இன்னொன்று. மறுபடி இன்னொன்று. கூட்டம் முழுக்க விரல் விட்டு எண்ணியது. ஓசாங் கைவிரல் பத்தும் தீர்ந்து, பக்கத்தில் இருந்த செரிங்கின் விரல்களைப் பிடித்து எண்ணினாள்; அவையும் தீர்ந்தன. இருபத்து மூன்று.

“என் வீட்டுக்காரன் ஒரு நாளாவது இப்படி ஊட்டிவிட்டிருக்கானா,” என்று முணுமுணுத்தாள்.

“நீ வாயை மூடுனாத்தானே ஊட்டுறதுக்கு,” என்றான் அவள் கணவன் மெதுவாக. சிரிப்பை அடக்க எல்லோரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மெலிட்டோன் மட்டும் அப்படியே ஆற்று மணலில் உட்கார்ந்துவிட்டார். ஈரமென்றுகூடப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்துபோனது. யாரும் பெட்டிப் பக்கம் போகவில்லை. சாயங்காலத்துக்குள் அது இன்னும் நான்கு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் ஓசாங்தான் முதலில் கண்டுபிடித்துக் கை நீட்டினாள்.

திரும்பும் வழியில் கேட்டாள்: “நோங், பாட்டு?”

“குஞ்சு வெளிய வரட்டும்.”

ஜூனில் இரண்டு குஞ்சும் வெளியே வந்தன. “அடுத்த கோடைக்கு” என்றார். அடுத்த கோடையில், “கூட்டுல ஆள் இருக்கு, சத்தம் கூடாது” என்றார். அதற்கடுத்த கோடையிலும் கூட்டில் ஆள் இருந்தது. அவர் ஏய்த்தாரா, உண்மையிலேயே நேரம் பார்த்தாரா என்று ஓசாங்குக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

நான்காம் வருஷம் பிப்ரவரியில், ஒரு வாரக் காய்ச்சலில் மெலிட்டோன் போய்ச்சேர்ந்தார். சவப்பெட்டியருகே உட்கார்ந்திருந்த செரிங்கிடம், “தனியா இருக்கும்போதாவது பாடுவாரா?” என்று ஓசாங் கேட்டாள்.

“சீட்டி அடிப்பார். பாடினதில்ல.”

பாட்டு அவளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.