செவலை தின்ற சத்துமா

வெயில் ஏறி, மலை முழுக்க ஓர் இலைகூட அசையாமல் நிற்கும் நேரத்தில் எங்கோ "டப்" என்று ஒரு ரப்பர்க் காய் வெடிக்கும். அடுத்த நொடியே தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் தகரக் கூரையில் விதைகள் கடகடவென்று உருண்டு விழும். பிறகு மறுபடியும் அமைதி, அடுத்தது எப்போது என்று காத்திருக்க வைக்கும் அமைதி. கரவனெல்லவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறிப்போக வேண்டிய எங்கள் தோட்டத்தில் ஆகஸ்ட் விடுமுறை என்றால் அந்தச் சத்தம்தான். ஒவ்வொரு வெடிப்புக்கும் எங்கள் செவலைக் கோழி கழுத்தை நிமிர்த்தி அப்படியே நிற்கும். ஒரு வருட ஆகஸ்டில் நானும் அப்படித்தான் நின்றேன்.

நாளும் கிழமையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தங்கை சுகந்திக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும். ஜூலை மாதக் கிளினிக்கில் அவளைத் தூக்குத் தராசில் போட்டு நிறுத்த மருத்துவிச்சி, அவளுடைய அட்டையில் ஒரு புள்ளி வைத்து, அது எடை குறைவைக் காட்டும் நிறப் பட்டைக்குள் விழுந்ததை அம்மாவுக்கு விரலால் காட்டினார். இரண்டு பொதி "திரிபோஷா" சத்துமாவும் தந்தார். அம்மாவும் அப்பாவும் விடியுமுன்பே ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு"க்குப் போய், அங்கிருந்து ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே காலையில் இரண்டு கரண்டி மாவைச் சீனி போட்டுப் பிசைந்து சுகந்திக்கு ஊட்டி, அவளைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் "பிள்ளைக்காமரா"வில் விட்டு வருவது என் பொறுப்பானது. ஊட்டியதும் சுவர்க் கலண்டரில் அந்த நாளின் கட்டத்தில் ஒரு சரி போட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். எனக்கு அது பிடித்த வேலை.

சுகந்திக்கு மா பிடிக்கவில்லை. வாயில் வைத்த உருண்டையைக் கன்னத்தில் அடக்கிவைத்து, நான் திரும்பியதும் துப்பினாள். அவள் விரும்பித் தின்றது முட்டை ஒன்றுதான். செவலை ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் முட்டை முழுக்க அவளுக்கே. ஆனால் அந்த ஜூலையில் செவலை முட்டை போடுவதை நிறுத்தியது. கழுத்து இறகு கொட்டி, வால் மொட்டையாகி, பார்க்கவே பாவமாக அலைந்தது. பக்கத்துக் காமராவில் குடியிருந்த ராசாத்தி அக்கா அதைப் பார்த்துச் சிரித்து, "வெறும் சோத்துப் பருக்கையையும் தேங்காச் சக்கையையும் போட்டா முட்டை எங்கேர்ந்து வரும்? அதுக்கும் சத்து வேணும்ல," என்றாள்.

கையில் கிடைத்த எழுத்தையெல்லாம் படிக்கிறவள் நான். கரவனெல்லக் கடையில் கோழித்தீன் மூட்டையில் சோளம், சோயா என்று எழுதியிருந்ததைப் படித்திருந்தேன். சுகந்தியின் மாப் பொதியிலும் அதே சோளம், அதே சோயா. துப்புகிறவளுக்குக் கொடுத்து வீணாக்குவதைவிட, செவலைக்குக் கொடுத்தால் அது முட்டையாகத் திரும்பி வரும். அதைச் சுகந்தி துப்பமாட்டாள். இப்போது எழுதும்போதும் அந்தக் கணக்கில் பிழை எங்கே என்று சட்டென்று தெரியவில்லை. மறுநாள் காலையிலிருந்து இரண்டு கரண்டியும் செவலைக்குப் போயின. சுகந்தி தேத்தண்ணியில் பிஸ்கட் தொட்டுத் தின்றாள். கலண்டரில் நான் சரி போட்டேன்.

ஒரு வாரத்தில் முட்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இறகுதான் வந்தது. கழுத்தில் முதலில் முள் முள்ளாக, பிறகு செம்பு நிறத்தில், வெயிலில் மினுங்கும் புது இறகு. கோழிக்கு இறகு மாறும் காலத்தில் தின்னும் சத்தெல்லாம் இறகுக்கே போகும், முட்டை அதற்குப் பிறகுதான் என்பதை வெகுகாலம் கழித்து ஒரு கால்நடைப் புத்தகத்தில் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டாவது பொதி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதும், கிளினிக் நாளான வியாழக்கிழமை நெருங்குவதும்தான். செவலை முட்டையிடும் கூடைக்குள் தினமும் கைவிட்டுப் பார்த்தேன். வெறும் வைக்கோல். இனி சுகந்திக்கே ஊட்டலாம் என்று ஒருநாள் மாவை எடுத்தேன். மறுநாள் முட்டை வந்துவிட்டால் என்ற ஆசையில் அதையும் செவலைக்கே போட்டேன்.

வியாழக்கிழமை அம்மா அரைநாள் வேலையை விட்டு வந்தாள். தராசின் முள் போன மாதம் நின்ற இடத்துக்கும் கீழே நின்றது. மருத்துவிச்சி இரண்டாம் முறையும் நிறுத்துப் பார்த்தார். அவர் சிங்களவர், எங்களோடு பேசிப் பேசிப் பழகிய தமிழில், மாவை வீட்டில் எல்லாரும் தின்றீர்களா என்று கேட்டார். வரிசையில் நின்ற பெண்கள் எங்களையே பார்த்தார்கள். அம்மாவின் முகம் கறுத்தது. அவள் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஆகஸ்ட் மாதக் கலண்டர் தாளை எடுத்து விரித்தாள். ஆணியிலிருந்து அதை எப்போது கழற்றினாளோ எனக்குத் தெரியாது.

"பாருங்க நோனா. ஒருநா தப்பல. எம்மூத்த மக குடுத்துட்டு குறிச்சு வச்சிருக்கா. அவ பொய் எழுத மாட்டா."

மருத்துவிச்சி ஒவ்வொரு சரியாகப் பேனா முனையால் தொட்டுக்கொண்டே போனார். அவருடைய கோபம் போய், முகத்தில் வேறொன்று வந்தது. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"அப்ப மா குடுக்குது, பாரம் இறங்குது. உள்ளுக்கு என்னமோ வருத்தம். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு துண்டு எழுதுறேன். வார்ட்டுல வச்சு ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

அம்மா சுகந்தியை இறுக்கிப் பிடித்தாள். பேனா துண்டின் மேல் இறங்கி, எங்கள் தோட்டத்தின் பெயரை எழுதத் தொடங்கியது. வெளியே ஒரு காய் வெடித்தது.

"பாப்பாவுக்குக் குடுக்கல," என்றேன். "கோழிக்குப் போட்டேன்."

யாரோ சிரித்தார்கள். மருத்துவிச்சி சிரிக்கவில்லை. எத்தனை நாள் என்று கேட்டார். எல்லாச் சரியும் என்றேன். அவர் துண்டைக் கிழித்துப் போட்டு, புதிதாக ஒரு பொதியை அம்மாவிடம் கொடுத்து, இரண்டு வாரத்தில் திரும்ப நிறுப்பதாகவும் அன்றும் ஏறவில்லையென்றால் கேள்வி கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். வீட்டுக்கு வந்தும் அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று அடுத்த மூன்று நாளும் நினைத்தேன்.

ஞாயிறு காலை அம்மா செவலையைப் பிடித்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விடு. பாப்பாவோட மாவெல்லாம் இது ஒடம்புலதான இருக்கு. திருப்பி வாங்கிக்குவோம்."

வயிற்றைக் கீறியபோது அம்மாவின் கை நின்றது. உள்ளே மஞ்சள் கருக்கள், மிளகளவிலிருந்து எலுமிச்சையளவுவரை, ஒரு கொத்தாக. ஓடு மட்டும்தான் பாக்கி. இன்னும் ஒன்றிரண்டு நாள். அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றும் உடையாமல் எடுத்து, அவித்து, ஒவ்வொன்றாகச் சுகந்திக்கு ஊட்டினாள். அவள் ஒன்றையும் துப்பவில்லை. கோழி ரசத்தில் எனக்கும் ஒரு கரண்டி ஊற்றினாள். நான் குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து முள் ஏறியது. அந்த இரண்டு வாரமும் மாவை அம்மாவே இருட்டில் எழுந்து ஊட்டினாள். கலண்டரில் குறிக்கச் சொல்லவில்லை.

அந்த மலையின் ரப்பர் மரங்களைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அங்கே ஆகஸ்டில் ஒன்றும் வெடிப்பதில்லை. சுகந்தி குருவிட்டவில் ஆறு பெட்டைகள் வளர்க்கிறாள். போன மாதம் போட்டோ அனுப்பி, இறகு கொட்டுகிறது, என்ன கொடுப்பது என்று கேட்டாள். நல்ல தீனும், கிளிஞ்சல் தூளும், சுத்தமான தண்ணியும் கொடு, கொஞ்சம் பொறு என்று எழுதினேன். "சரிக்கா. சின்னவளோட மாப் பொதிய அலமாரில வச்சுப் பூட்டிட்டேன். நீ வர்றப்ப சாவி கேக்காத," என்று பதில் வந்தது.

என்னிடம் பழைய தாள்கள் நிறைய இருக்கின்றன: பஸ் டிக்கட், பள்ளி அறிக்கை, எல்லாவற்றிலும் நாள் குறித்து. அந்த ஆகஸ்ட் தாள் மட்டும் இல்லை. செவலையை வேகவைக்க அம்மா அடுப்புப் பற்றவைத்தது அதைக் கொண்டுதான். சுகந்தியின் கிளினிக் அட்டை மட்டும் இருக்கிறது. ஏறிக்கொண்டே போகும் புள்ளிகளுக்கு நடுவே மருத்துவிச்சி வைத்த ஒன்று, கீழே.