புள்ளிக்கு அப்புறம் வரும் எண்

வானிலை அலுவலகத்தின் பின்பக்கம், புல்தரைக்கு நடுவில், நாலு காலில் ஒரு வெள்ளை மரப்பெட்டி நிற்கும். சுற்றிலும் சாய்வான சட்டங்கள். காற்று உள்ளே போகலாம், வெயில் போகக் கூடாது. அதற்குள் குடியிருக்கும் தெர்மாமீட்டர்களைத் தினமும் காலை எட்டரைக்குப் போய் நலம் விசாரித்து வருவதுதான் நம் மனிதரின் உத்தியோகம். இருபத்தாறு வருஷமாக அதையே செய்துவந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் பாதரசம். அவருடைய சுறுசுறுப்புக்காக வைத்த பெயர் இல்லை என்பது அவர் படியேறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தெர்மாமீட்டர் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பெட்டிக் கதவைத் திறக்குமுன் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். மனித மூச்சு பட்டால் பாதரசம் ஏறிவிடும். கண்ணை நேர்மட்டத்தில் வைத்து, முதலில் புள்ளிக்கு அப்புறம் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும், பிறகுதான் முழு எண். முழு எண் பொறுமைசாலி, காத்திருக்கும். புள்ளிதான் ஆள் வந்த சூட்டிலேயே மாறிவிடும். இந்தப் பழக்கம் முற்றிப்போய், மணி என்ன என்று மனைவி கேட்டால்கூட "பதினேழு நிமிஷம், ஏழு மணி" என்பார். அந்த அம்மாளும் இருபது வருஷமாக அதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டு காலம் தள்ளினாள். அவளுக்குத் துணிக்கடையில் வேலை, குழந்தைகள் உடுப்புப் பிரிவு.

அந்த வருஷம் புதுக் கிருமி வந்தது. வந்த வேகத்தில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

வெயில் கட்சிக்குத் தலைவர் துணிக்கடை முதலாளி. குளிர்தேசத்தில் பிறந்த கிருமி நம் வெயிலில் ஒரு மணிநேரம் தாங்காது என்பது அவர் கொள்கை. அவர் கிருமியைப் பற்றிப் பேசும்போது, சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்த்த பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். மூச்சுக் கட்சிக்கு அரசு மருத்துவமனை டாக்டரம்மா. மனிதன் வெயிலில் நின்றா மூச்சு விடுகிறான், நாலு சுவருக்குள்தானே விடுகிறான் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குக் கைதட்டல் குறைவு. வெயில் நம்முடையது. நம் வெயிலால் ஒரு கிருமியைக்கூடக் கொல்ல முடியாது என்று சொன்னால் ஊருக்கே அவமானமாக இருந்தது. டீக்கடை வாசலில், நடு மத்தியானத்தில், ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு கிருமியைச் சவாலுக்கு அழைத்தவர்கள் உண்டு. அவர்களில் இரண்டு பேர் அடுத்த வாரம் விவாதத்துக்கு வரவில்லை.

கடைசியில் ஊர் நலக் குழு கூடிச் சமரசம் செய்தது. முதல் நாள் உச்ச வெப்பம் இத்தனை டிகிரியைத் தொட்டிருந்தால் மறுநாள் கடைகள் திறக்கலாம். பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர், ஏறிய உச்சத்தை மறுநாள் காலைவரை இறங்காமல் பிடித்து வைத்திருக்கும். எத்தனை டிகிரி? முதலாளி முப்பத்தாறு என்றார். நீங்கள் எண் வைத்துத்தான் தீருவீர்கள் என்றால் நாற்பதாவது வையுங்கள் என்றார் டாக்டரம்மா. முப்பத்தெட்டில் பேரம் படிந்தது. கிருமியை யாரும் கலந்து ஆலோசிக்கவில்லை.

அன்றிலிருந்து பாதரசம் பெரிய மனிதராகிவிட்டார். எட்டரை மணிக்கு வேலிக்கு வெளியே கூட்டம் நிற்கும். அவர் மூச்சை அடக்கும்போது அவர்களும் அடக்குவார்கள். முப்பத்தெட்டு புள்ளி நாலு என்று பலகையில் எழுதினால், ஏதோ அவரே வெயில் அடித்துக் கொடுத்த மாதிரி கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஒன்றரை மாதத்தில் முக்கால்வாசி நாள் கடை திறந்திருந்தது. முப்பத்தெட்டு டிகிரியில் துணி வாங்க வருகிறவன் குளிர்ச்சியைத் தேடித்தான் வருவான். எனவே முதலாளி கண்ணாடிக் கதவுகளை இறுக்கச் சாத்தி, ஏசியை முழுசாக ஓடவிட்டார். வெளியே வெயில் கிருமியைக் கொன்றுகொண்டிருந்தது. உள்ளே ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு, கொஞ்சம் கிட்டப் போய்க் குனிந்து, கால்சட்டைக்கு அளவு பார்த்தார்கள்.

பக்கத்துக் கவுண்டரில் துண்டும் போர்வையும் விற்ற அக்காவுக்கு ஒரு திங்கட்கிழமை இருமல் வந்தது. வியாழக்கிழமை இறந்துபோனாள்.

அன்று சாயங்காலம் பாதரசத்தின் மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினாள். திறந்த நாளில் வராதவர்கள் இனி எப்போதும் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். வேலையை விடவும் முடியாது. போகவும் பயமாக இருக்கிறது.

"ஏங்க, நாளைக்கு ஒரு நாள் முப்பத்தேழுன்னு எழுதுங்களேன். யாரு போய்ப் பார்க்கப் போறாங்க?"

பாதரசம் கழுவிய தட்டை வாங்கித் துடைத்து அடுக்கினார். மனைவி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது கணவன்மார் எல்லோருக்கும் கைவந்த கலை. ஆனால் அன்று அது கலையாக இல்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்தார். மூச்சை அடக்கினார். புள்ளிக்கு அப்புறம் ஒன்று. முழு எண் முப்பத்தெட்டு. இரண்டாவது முறையும் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றதில் கண் இருட்டியது. இரண்டே கோடு குறைந்தால் முப்பத்தேழு. அவர் கண்ணை அரை விரல் கீழே வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் கோடு வேறு கோடாகத் தெரிந்திருக்கும். சட்டப்படி அது பொய்கூட இல்லை, கவனக்குறைவு. முப்பத்தெட்டு புள்ளி ஒன்று என்று எழுதினார். வேலிக்கு வெளியே கைதட்டினார்கள்.

வீடு இரண்டு தெரு தள்ளி. தானே போய்ச் சொன்னார். அவள் கொடியில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள்.

"இந்த வெயில்ல ஸ்வெட்டர் எதுக்கு?"

"ஒன்றரை மாசமா எடுத்துட்டுத்தான் போறேன். நீங்க பெட்டிக்குள்ள இருக்கறதை மட்டும்தானே பார்ப்பீங்க."

அவள் கடைக்குப் போனாள். அவர் அலுவலகம் போய், அலமாரியிலிருந்து உபரித் தெர்மாமீட்டரை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக வேலை நேரத்தில் துணிக்கடைக்குப் போனார். கூட்டமே ஒதுங்கி வழிவிட்டது. முதலாளி எழுந்து வந்து, யாருக்கு உடுப்பு சார் என்று அன்பாக விசாரித்தார். பாதரசம் குழந்தைகள் உடுப்புப் பிரிவில், தொங்கிய சின்னச் சட்டைகளுக்கு நடுவே, காலி ஹேங்கரில் தெர்மாமீட்டரைக் கட்டினார். பத்து நிமிஷம் காத்திருந்தார். மனைவி ஸ்வெட்டரோடு நின்று பார்த்தாள். மூச்சை அடக்கினார். புள்ளி ஆறு, இருபத்தொன்று.

அன்றைய பதிவேட்டில், குறிப்பு என்ற கட்டத்தில், பெரும்பாலும் ஆலங்கட்டி மழை, புழுதிக்காற்று என்று எழுதும் இடத்தில், "ஜனங்கள் இருந்த இடத்தில் 21.6" என்று எழுதினார். பலகையிலும் எழுதினார்.

குழு அவசரமாகக் கூடியது. பெட்டிக்கு வெளியே எடுத்த அளவு செல்லாது என்றார் முதலாளி. விதிப்படி அது சரிதான். அப்புறம், கடைக்குள் எவ்வளவு குளிர் இருந்தால் என்ன, ஊர் முப்பத்தெட்டில்தானே இருக்கிறது என்றார். பலர் தலையாட்டினார்கள். பாதரசத்திடம் ஏதாவது சொல்கிறீர்களா என்று கேட்டார்கள். அவருக்கு மேடைப் பேச்சு வராது.

"நான் மூச்சை அடக்கிட்டுத்தான் ரீடிங் பார்ப்பேன்" என்றார். "இல்லைன்னா ஒரு ஆள் மூச்சுக்கே பாதரசம் ஏறிடும். நாலு பக்கமும் காத்து போற பெட்டியிலேயே அப்படி. அங்க கதவைச் சாத்திட்டு நூறு பேர் நிக்கறாங்க. என் சம்சாரமும் நிக்கறா."

டாக்டரம்மா குறிப்பேட்டை மூடிவைத்தார். அவர் இரண்டு மாதம் பேசியும் ஊர் காதில் ஏறாதது இந்தச் சின்னப் பேச்சில் ஏறிவிட்டது, பொறாமைப்பட அவருக்கு நேரமில்லை. கதவைத் திறந்து வைத்து, ஏசியை நிறுத்தினால் மட்டும் கடை நடத்தலாம் என்று குழு முடிவு செய்தது. முதலாளி மறுநாளே கடையை மூடினார். வேர்த்துக்கொண்டே துணி வாங்க யார் வருவார்?

பாதரசத்துக்கு மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. அனுமதியில்லாத இடத்தில் அளவெடுத்தது ஏன்? அதைப் பதிவேட்டில் பத்திரமாக ஒட்டினார்.

ஆனால் முப்பத்தெட்டு புள்ளி ஒன்று எழுதிய நாளிலிருந்து நாலாம் நாள் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது.

அவள் பின் அறையில் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாடு வாசலில். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் அவளிடம். காலையும் மாலையும் அவள் எண்ணைச் சொல்ல, அவர் வெளியே முக்காலியில் உட்கார்ந்து நோட்டில் கோடுபோட்டு எழுதினார். ஆறு நாள் முப்பத்தெட்டுக்கு மேலேயே நின்றது. ஏழாம் நாள் காலை உள்ளேயிருந்து குரல் வந்தது.

"முப்பத்தேழு."

"புள்ளிக்கு அப்புறம்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சரியா முப்பத்தேழு."

அவர் பேனாவை எடுக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் புள்ளிக்கு அப்புறம் ஒன்றுமில்லாத எண்ணை அவர் அதிகம் பார்த்ததில்லை. அவள் குரல் இரண்டு சொல்லுக்கு நடுவே இளைத்தது.

"அன்னைக்கு நீ கேட்ட, நான் எழுதல" என்றார் கதவைப் பார்த்து. "அதுக்குக் கோபப்படு. ஆனா சரியான நம்பரைச் சொல்லு."

உள்ளே இருமல் மட்டும்.

"நாலு" என்றாள். "முப்பத்தொன்பது."

அவர் எழுதவில்லை. நோட்டை முக்காலியிலேயே போட்டுவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். அரைமணியில் வண்டி வந்தது. அவளை ஏற்றும்போது ஸ்வெட்டரையும் கொடுத்தனுப்பினார், ஆஸ்பத்திரியிலும் குளிரும் என்று.

பதினெட்டு நாள் கழித்து வந்தாள். இப்போதும் மூன்று படி ஏறினால் நான்காவது படிக்கு நிற்கிறாள். பாதரசமும் கூட நிற்கிறார், அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை. வெயில் கட்சியும் மூச்சுக் கட்சியும் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கின்றன. அவரை அழைத்தால், எட்டரைக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். அது உண்மைதான்.