தனம் அக்காவின் ஆறு அட்டைகள்

தனம் அக்கா போய்விட்டார்.

காலையில் சித்தூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே வரி... மஸ்கட்டில் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், ஒரு காலில் மட்டும் ஷூவோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் அவர் லேப் இன்சார்ஜ், நான் மெயின்டனன்ஸ். கூழ் எக்ஸ்போர்ட் சூடுபிடித்த தொண்ணூறுகளில், நகரியில் தறிக்காரக் குடும்பத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு டிரம்கூட கேட்டைத் தாண்டாது.

மகள் அமெரிக்கா போன பிறகு, ஐம்பது வயதுக்கு மேல், திருப்பதியில் ஒரு ஷூட்டிங் கிளப்பில் சேர்ந்தார். ஏர் ரைபிள்!

"ஞாயித்துக்கெழம வூட்ல சும்மா குந்திக்கினு இன்னா பண்ணச் சொல்ற முரளி?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரைபிளோடு நின்றால்... ஆள் அசையமாட்டார். வேடிக்கை பார்க்கப் போன நானும் சேர்ந்துவிட்டேன்.

அப்போதுதான் கிளப்பில் ஸ்லக் மோகம் வந்தது. வழக்கமான பெல்லட் நடுவில் ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். ஸ்லக் நிஜத் தோட்டா மாதிரி கெட்டி, கனம். காற்றடித்தாலும் விலகாது என்று யூடியூப் முழுக்கப் பேச்சு. பெங்களூரிலிருந்து முதல் டப்பா வாங்கி வந்தவன் நான்தான்.

அடுத்த மேட்ச்சில் டீம் முழுக்க ஸ்லக்தான், மாறாதவர்களுக்கு இடமில்லை என்று கோச் சொல்லிவிட்டார்.

அக்கா மட்டும் எழுந்தார். "நம்மளது ஸ்பிரிங்ல தள்ற ரைபிள், இம்மாங் கனத்துக்கு ஒத்துவராது சார். டெஸ்ட் வெச்சுப் பாக்கலாம். பெல்லட் தோத்தா நானே வெலகிக்கிறேன்."

குண்டு போட்டுக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்.

"நான் ஸ்லக் கட்சியாச்சேக்கா!"

"அதுக்குத்தான் உன்னக் கூப்டறேன். உன் கையாலயே போடு. அப்பால நீ வாயத் தொறக்க முடியாதில்ல?"

இருபத்தைந்து மீட்டர். ஆறு அட்டை, அட்டைக்கு ஐந்து குண்டு. மூன்றில் பெல்லட், மூன்றில் ஸ்லக். எதில் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா முதுகைக் காட்டி நிற்பார், நான் போட்டுக் கொடுப்பேன், திரும்பிச் சுடுவார்.

நான் ஒரு காரியம் செய்தேன். டப்பாவில் ஓரம் நசுங்கிய பெல்லட் ஒன்று கிடந்தது. நேராகப் போகாது என்று தெரிந்தேதான் அதைப் போட்டேன்... அவ்வளவு ஆசை, ஸ்லக் ஜெயிக்க வேண்டுமென்று.

அட்டைகள் வந்தன. ஸ்லக் அட்டை மூன்றிலும் ஓட்டைகள் டீ கிளாஸ் வாய்க்குள்கூட அடங்கவில்லை. பெல்லட் அட்டை இரண்டில் ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்கு அடியில்! மூன்றாவதில் நான்கு உள்ளே, ஒன்று மட்டும் இரண்டு விரல்கடை தள்ளி.

அக்கா அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது பெல்லட் தப்பு இல்ல சார். சுடறப்ப நான் மூச்ச வுட்டுட்டேன் போல."

கோச் எழுந்து நின்று கைகூப்பினார். "நீங்க பெல்லட்டே அடிங்கம்மா" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெரிய ரைபிள், தூரம் ஜாஸ்தின்னா ஸ்லக் ஜெயிக்கும் சார். நான் இந்த ரைபிளுக்குத்தான் சொல்றேன்" என்றார். ஜெயித்த பிறகும் அப்படித்தான் பேசுவார்.

மேட்ச்சில் அக்காதான் ஃபர்ஸ்ட். பெல்லட்டோடு. அவர் வயதில் பாதிகூட இல்லாதவர்கள் எல்லாம் பின்னால்!

சித்தூர் பஸ்ஸில் மெடலைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. நசுங்கிய பெல்லட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

சட்டென்று என் பக்கம் திரும்பினார். அறை விழும் என்று நினைத்தேன்.

"அடப்பாவி... அப்ப அன்னிக்கு என் மூச்சு சரியாத்தான் இருந்துச்சா!"

அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர, மெடல் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவரிடம், "பதிஹேனுகி பதிஹேனு பாபு!" என்றார் தெலுங்கில். மூன்று அட்டை பெல்லட்டும் சேர்த்து, பதினைந்துக்குப் பதினைந்தாம்.

ஒன்றும் புரியாத கண்டக்டர், "மஞ்சிதம்மா, சாலா மஞ்சிதி" என்று, ரொம்ப நல்லது என வாழ்த்திவிட்டுப் போனார்.

அக்கா... நல்லா ஜெயிச்சீங்க.

போய்ட்டு வாங்க.