சுவரில் மூன்று தட்டு

ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு சிற்றூர் புயல் வெள்ளத்தில் போய்விட்டது. கண்மாய் உடைந்து தெருவுக்குள் தண்ணீர் புகுந்தபோது நான் அங்கே இல்லை. வல்லத்திராக்கோட்டையில் கொத்தனார் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மறு வருஷம் அரசாங்கம் அந்த ஊரை மேட்டில் புதிதாகக் கட்டியபோதுதான் வேலைக்குப் போனேன்.

ஓவர்சியர் கண்டிப்பானவர். இடுப்பு உயரத்துக்குக் கல்லால் மேடை எழுப்பி, அதன்மேல் ஒரே வரிசையாக வீடுகள் கட்டச் சொன்னார். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர். ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும் என்றார். கூரையைக் கம்பியால் சுவரோடு இறுக்கிக் கட்டினோம். வாசல் பக்கம் வீட்டுக்கு ஓர் இரும்பு வளையம் பதித்தோம். காற்றடிக்கும்போது கயிறு கோத்துப் பிடித்து நடப்பதற்காக.

பழைய தெருவில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்களோ, அதே வரிசையில்தான் வீடு வேண்டும் என்று ஊரார் ஒரே பிடியாக நின்றார்கள். அதில் ஒரு வீட்டார் ஐந்து பேரும் வெள்ளத்தோடு போனவர்கள். ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை. உடலைப் பார்க்காமல் காரியம் செய்வதில்லை என்பது அங்கே வழக்கம்.

"அவுகளுக்கும் ஒரு வீடு போடுங்க சார்" என்றார், அந்த வீட்டுக்கு மேற்கே குடியிருந்தவர்.

"யாருய்யா வந்து இருக்கப்போறா?"

"வந்தாகன்னா எங்கிட்டுப் போவாக? இந்த அம்மா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுலதானே தேடுவாக."

கிழக்கு வீட்டு அம்மா தலையை ஆட்டினார். ஓவர்சியர் அந்த வீட்டுக்கும் சேர்த்துச் சுண்ணாம்புக் கோட்டை இழுத்தார். அந்த வீட்டுக்குப் பூச்சு வேலை செய்து பூட்டியவன் நான்தான்.

காற்றுக் காலத்துக்கென்று ஓவர்சியர் ஓர் ஏற்பாடு செய்தார். மேற்குக் கடைசி வீட்டார் உலக்கையால் அடுத்த வீட்டுச் சுவரில் மூன்று முறை தட்ட வேண்டும். கேட்டவர் தம் கிழக்குச் சுவரில் தட்ட வேண்டும். இப்படியே தட்டு கைமாறிக் கிழக்குக் கோடியில் உள்ள சாவடிக்குப் போய்ச் சேரும். அங்கே கயிற்றோடு ஆட்கள் இருப்பார்கள். தட்டு வந்து சேராவிட்டால் எந்த வீட்டில் நின்றது என்று தேடிப் புறப்படுவார்கள். பூட்டிய வீட்டைத் தாண்டுவதற்கு மட்டும் மேற்கு வீட்டுக்காரர் வாசல் வழியாக ஓடிப்போய்க் கிழக்கு வீட்டில் சொல்ல வேண்டும்.

"மூட்டைப்பூச்சிய நசுக்கச் சுவத்துல ஓங்கி அடிச்சாக்கூட ஊரே கெளம்பிருமே சார்" என்று அந்த மேற்கு வீட்டுக்காரர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து, பழுது பார்க்க ஊரோடு ஓர் ஆள் வேண்டும் என்று ஓவர்சியர் பூட்டிக் கிடந்த அந்த வீட்டை எனக்கே கொடுத்தார். யாரும் மறுக்கவில்லை. வாங்க என்றும் யாரும் சொல்லவில்லை.

"சுவத்துல தட்டுறது ஒங்களுக்குத் தோதுதான். வாயத் தொறக்க வேண்டியதில்ல" என்று என் மனைவி கேலி செய்தாள்.

உள்ளே அடுப்புப் புகை தாங்காமல் பின்பக்கம் பனஞ்சட்டம் போட்டுச் சாய்ப்பு இறக்கினேன். ஓவர்சியர் கூடாது என்று சொல்லியிருந்ததுதான்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் நடுப்பகலிலேயே இருட்டிவிட்டது. காற்று எழுந்ததும் மனைவி ஆட்டுக்குட்டியைப் பிடிக்கச் சாய்ப்புக்கு ஓடினாள். சாய்ப்பு அவள்மேல் இறங்கியது. பெரிய சட்டம் அவள் தொடையின் குறுக்கே விழுந்து மார்புப் பக்கம் சரிந்தது. நான் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன். தூக்க முடியவில்லை. விட்டுவிட்டு நகரவும் முடியவில்லை.

அப்போது மேற்கு வீட்டார் எங்கள் சுவரில் தட்டினார். மூன்று.

எனக்கு உயிர் வந்தது. "நாம தட்டலேன்னா ஆளு வந்துரும். பொறுத்துக்க" என்றேன்.

வீட்டுக்குள் யாரும் இல்லை. முன்கதவை நான்தான் தாழ் போட்டிருந்தேன். கொஞ்ச நேரம் சென்றது. பிறகு எங்கள் வீட்டுக்குள்ளிருந்து, கிழக்குச் சுவரில், நிதானமாக மூன்று தட்டு கேட்டது. அடுத்த வீட்டில் அது கைமாறியது. அதற்கடுத்த வீட்டிலும். தட்டு சாவடியை நோக்கித் தேய்ந்துகொண்டே போயிற்று.

"உள்ள யாருங்க?" என்றாள் அவள்.

இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்பது புரிந்தது. நான் கத்தினேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. காற்று மூச்சு வாங்கிய ஓர் இடைவெளியில் மேற்கு வீட்டாருக்குக் கேட்டிருக்கிறது. ஆட்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். மனைவி பிழைத்தாள். தொடை எலும்பு கூடிவர மாதக்கணக்கில் ஆயிற்று.

காற்று ஓய்ந்ததும் ஓவர்சியர் வந்தார். சுவரில் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "கல்லுக்கட்டு கெட்டியா இருக்கு. மேற்க தட்டினா கிழக்க கேக்கத்தான் செய்யும்" என்றார்.

கிழக்கு வீட்டு அம்மா மெல்லச் சொன்னார். "வீடு பூட்டிக் கெடந்தப்பவும் கேக்கும் சார். மேக்கு வீட்டு இவரு வாசல் வழியா ஓடி வாரதுக்கு முந்தியே எனக்குத் தட்டு வந்துரும். ஒரு தடவகூடத் தவறினதில்ல."

"ஏம்மா அப்பவே சொல்லலை?"

"சொன்னா வரிசையிலேர்ந்து அந்த வீட்ட எடுத்துருவீகன்னுதான்."

கெட்டியான சுவருக்கு அதுவே சாட்சி என்று ஓவர்சியர் முடித்துவிட்டார். தட்டும் ஏற்பாடு அப்படியே தொடரட்டும் என்றார். எல்லோரும் கலையப் பார்த்தார்கள். நான் ஓவர்சியரின் வழியில் போய் நின்றேன். வாயைத் திறந்து சொன்னேன்.

"ரெண்டு தட்டுக்கும் நடுவுல நேரம் இருந்துச்சு சார். அந்தச் சுவத்துலேர்ந்து இந்தச் சுவத்துக்கு ஒரு ஆளு நடந்து போற நேரம்."

கலையப் போனவர்கள் திரும்பினார்கள்.

"தட்டு வேணாம் சார். ஆளு வந்து பாக்கட்டும்" என்றேன்.

ஓவர்சியர் சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு தலையசைத்தார்.

அதிலிருந்து காற்றுக் கிளம்பினால் சாவடியிலிருந்து ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்து முகம் பார்த்துப் போவார். மற்ற வீடுகளில் எட்டிப் பார்த்ததும் நகர்ந்துவிடுவார். எங்கள் வாசலில் மட்டும் என்னையும் என் மனைவியையும் பார்த்த பிறகும் கண்ணை எடுக்காமல் நிற்பார். எங்களுக்குப் பின்னால் இன்னும் யாரையோ எண்ணுவதுபோல் அவர் உதடு அசையும்.