மிஹ்லார் வைத்த பல்

முந்தலில் புத்தளம் வீதியோரமாகக் கராஜ் வைத்திருக்கும், அண்ணன் முறைக்கு வாடிக்கைக்காரர் 'நானா' என்றழைக்கும் மிஹ்லாருக்கு ஒரேயொரு பெருமை உண்டு. தன் கராஜுக்கு வந்த எந்த வாகனமும் இதுவரை கயிற்றில் இழுபட்டு வெளியேறியதில்லை என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். பொய்யில்லை. ஓடாத வாகனங்கள் பின்வளவுத் தென்னைகளின் கீழே தேங்காய் விழுந்து கூரை நெளிந்து நிற்கின்றன. வெளியே போகாத வண்டி கயிற்றில் எப்படிப் போகும்?

அப்படிப்பட்டவரிடம் போயும் போயும் உடப்பு ஊர்க் கேதீஸ்வரன் தன் காரைக் கொண்டுவந்து விட்டான். மாமனின் இறால் பண்ணை நல்லாய் விளைந்தால் மருமகனுக்கு என்ன நோய் வருத்தம் வரும் என்பதற்கு அந்தக் கார் சாட்சி. பழைய சின்ன ஜப்பான் கார். வயிற்றில் வேறொரு பெரிய காரின் இஞ்சின், முதுகில் பறக்காத செட்டை, பின்னால் பூனை படுத்துறங்கக்கூடிய அகலத்தில் புகைக்குழாய். கார் முந்தலில் நிற்கும்போதே அதன் சத்தம் மாம்புரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதன் வருத்தம் இதுதான்: குளிர்ந்திருக்கும்போது சிங்கம், சூடேறினால் இருமி இருமிச் செத்துவிடும்.

இஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு பல்சக்கரம் வெளியே தெரியப் பூட்டியிருந்தது. அது சுற்றும்போது பக்கத்திலுள்ள சென்சர் ஒவ்வொரு பல்லாகப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அந்தக் கணக்கை வைத்து நேரம் பார்த்து நெருப்புப் பொறி கொடுக்கும். கணக்குப் பிசகினால் பொறியும் பிசகும்.

மிஹ்லார் தன் ஸ்கேனரை மாட்டினார். இஞ்சின் மாற்றும்போது கொழும்பில் வைத்த அந்தக் கம்ப்யூட்டர் வேறு பாஷைக்காரன். ஸ்கேனர் மூச்சுக் காட்டவில்லை.

"வாயே தொறக்குதில்ல தம்பி. அப்ப சென்சர்தான்" என்றார், காதியார் தீர்ப்புச் சொல்வதுபோல.

சென்சர் மாறியது. வருத்தம் மாறவில்லை. மறுபடி மாற்றினார், பிறகு இன்னொரு கடையில் வாங்கியும் மாற்றினார். சென்சருக்கு வரும் வயரின் பிளக், உப்புக்காற்றுப் பிடித்து உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது; வருத்தமும் அங்கேதான் கிடந்தது. மிஹ்லார் ஒவ்வொரு தடவையும் அதைத் தன் கையாலேயே கழற்றி, தன் கையாலேயே மாட்டினார். உள்ளே எட்டிப் பார்ப்பது எலெக்ட்ரிஷன்மாரின் வேலையாம், அவர் இஞ்சின்காரர்.

சென்சர் கடைகள் தீர்ந்துபோனதும் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கேதீஸ், இஞ்ச வாங்க! கொழும்பில செஞ்சவன் ஒங்கள நல்லா ஏமாத்தீக்கான். பல்லு ஒண்டு விழுந்தீக்கி பாருங்க!"

கேதீஸ்வரன் குனிந்தான். வரிசைப் பற்களுக்கு நடுவே ஒரு பொக்கை தெரிந்தது.

"அதானே நானா! எனக்கும் அது ஒரு சந்தேகமாத்தான் இருந்திச்சு" என்றான். அதுவரை அந்தச் சக்கரம் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

மிஹ்லாரிடம் அல்லாஹ் கொடுத்த ஒரு வித்தை உண்டென்றால் அது வெல்டிங். கராஜ் போடுமுன் கற்பிட்டி வள்ளக்காரரின் புரொப்பெல்லர்களை ஒட்டிக் கொடுத்தவர். ஒட்டிய இடத்தை ஒட்டியவரே தேடவேண்டும். சக்கரத்தைக் கழற்றினார். பொக்கையில் இரும்பு வைத்து ஒட்டி, அராவி, சக்கரம் முழுக்க வெள்ளிப் பெயின்ட் அடித்து, மணப்பெண் மாதிரி ஏந்தி வந்தார்.

"எது நான் வெச்ச பல்லு எண்டு காட்டுங்க பாப்பம்!"

கேதீஸ்வரன் திருப்பித் திருப்பித் தடவிவிட்டுக் கண்டுபிடிக்க முடியாமல் கையெடுத்தான். தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி சுல்பாதான் சொன்னாள்: "இஞ்சினப் பாத்து முடிஞ்சி, இப்ப பல்லு டொக்டராகிட்டீங்களா?"

சக்கரம் பூட்டப்பட்டது. முன்பு சூடேறினால் இருமிய கார், இப்போது இருமுவதற்குக்கூட எழும்பவில்லை. சாவியைத் திருகத் திருக பெட்டரிதான் இறங்கியது.

கேதீஸ்வரனுக்குப் பொறுமை போய்விட்டது. "வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன் நானா. ஓடாட்டி, ஜும்ஆ தொழுகை கலையிற நேரம் பாத்து, பள்ளிவாசலுக்கு முன்னால கயித்துல கட்டி சிலாபத்துல ஒரு கராஜுக்கு இழுத்துட்டுப் போயிருவேன்."

அம்மன் கோயில் ஊர்க்காரனானாலும் ஜும்ஆ எப்போது கலையும் என்பது அவனுக்கு அத்துப்படி. மிஹ்லாருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

வெள்ளி வந்தது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. கேதீஸ்வரன், காரைச் செய்த கொழும்பு ஸப்ரானுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கச் சத்தமாக வைத்தான்.

"சக்கரத்தப் பாருங்க. பல்லு இல்லாத எடம் ஒண்டு ஈக்கும்" என்றார் ஸப்ரான்.

"ஓ, ஈந்திச்சி. நான் பல்லு வெச்சி சரியாக்கிட்டேன்" என்றார் மிஹ்லார், பாராட்டுக்குக் காத்து.

"என்னத்த வெச்சீங்க?"

"பல்லு."

"யா அல்லாஹ்! அது விழுந்த பல்லில்ல நானா, வேணுமெண்டே நான் விட்ட எடம்! தஸ்பீஹ் மாலைல பெரிய மணி ஈக்கே, அது இல்லாட்டி எங்க தொடங்கின, எங்க முடிச்ச எண்டு வெளங்குமா? அந்தப் பொக்கைய வெச்சித்தான் கம்ப்யூட்டர் கணக்குப் புடிக்கிற. வெச்ச பல்ல வெட்டி எடுங்க, முடிஞ்சி."

இவ்வளவுதானா என்று மிஹ்லார் கிரைண்டரை எடுத்துக்கொண்டு குனிந்தார். சக்கரத்தைச் சுற்றினார். மறுபடி சுற்றினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் சுற்றினார்.

"என்ன நானா," என்றான் கேதீஸ்வரன் இனிமையாக, "எது ஒங்கட பல்லு? காட்டுங்க பாப்பம்."

ஒவ்வொரு பல்லும் அதன் பக்கத்துப் பல்லைப் போலவே இளித்தது. கழற்றும்போது அடையாளம் போடுவது பழகுகிறவர்களின் வேலை என்பதால் அவர் அதையும் போடவில்லை.

போன் அலறியது: "கண்டபடி வெட்டாதீங்க! வேற பல்ல வெட்டினா கம்ப்யூட்டருக்குப் புதுசாப் படிச்சிக் குடுக்கணும். காரச் சிலாபத்துக்குக் கொண்டு வாங்க, நான் லெப்டொப்போட வாறேன்."

சிலாபம் என்றால் கயிறு. மிஹ்லார் பெருவிரலால் ஒரு பல்லைத் தடவிப் பார்த்து, அல்லாஹ்வை நினைத்து பிஸ்மி சொல்லி வெட்டினார். சாவியைத் திருகினார். புகைக்குழாய் வெடித்த வெடியில் தென்னையிலிருந்த காகங்கள் கடல் பக்கம் பறந்தன. எதிர்க்கடைக்காரர் பாண் தட்டோடு நிலத்தில் குந்திவிட்டார். கார் மட்டும் அசையவில்லை.

கேதீஸ்வரன் மாமனின் இறால் லொறியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்திக் கயிற்றை இறக்கினான். மிஹ்லார் உள்ளே போனார். அழப் போகிறார் என்று சுல்பா பின்னால் போனாள். அவர் பழைய வள்ளச் சாமான்களைக் கிளறிக்கொண்டிருந்தார். வெளியே வந்து, கேதீஸ்வரனின் கயிற்றைத் தள்ளிவிட்டுத் தானே காரை லொறியோடு கொழுவி, ஸ்டியரிங்கையும் தானே பிடித்தார்.

பள்ளிவாசல் முன்னால், தொழுகை கலைந்த ஜமாஅத் முழுக்க வீதியில் நின்றது. லொறி வேண்டுமென்றே ஊர்ந்தது.

"என்ன மச்சான்," கூட்டத்திலிருந்து ஒரு குரல், "ஜும்ஆக்கும் வரல்ல, கடைசில நீயும் கயித்துலயா போற?"

மிஹ்லார் முழங்கையை ஜன்னலில் ஊன்றித் தலையை வெளியே நீட்டினார்.

"கண்ணத் தொறந்து பாருடா. கயிறா இது? நங்கூரச் சங்கிலி!"